கழிவு நீக்க முகாமும் கழிவு அள்ளும் கைகளும்

என் அத்தை இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சத்துணவு மையத்தில் சமையலராக இருக்கிறார். சர்க்கரை நோய் வந்து ஏழு வருடமாகிறது. போன கோடை விடுமுறையில், பக்கத்து ஊர்த் திருமண மண்டபத்தில் நடந்த மூன்று நாள் ‘உடல் கழிவு நீக்க முகாமில்’ கலந்துகொண்டார். கட்டணம் மூவாயிரம் ரூபாய். காலையில் வாழைத்தண்டுச் சாறு, மதியம் வெள்ளைப்பூசணிச் சாறு, இரவு எலுமிச்சையும் தேனும் கலந்த வெந்நீர். இடையில் எனிமா. மாத்திரைகள் எல்லாம் இரசாயனக் கழிவு, இன்றோடு நிறுத்துங்கள் என்று மேடையில் சொன்னார்கள். பயந்துபோன அத்தை யாருக்கும் தெரியாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டார். சோறில்லாத வயிற்றில் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை.

இரண்டாம் நாள் காலை வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. “கழிவு வெளியேறுது, பயப்படாதீங்க, நல்ல அறிகுறி” என்றாராம் முகாம் நடத்தியவர். கூட வந்திருந்த இன்னொரு சமையலர் அக்காதான் ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இரத்தத்தில் சர்க்கரை 46. இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அத்தை சொன்ன ஒரு வரிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. “முட்டை, கறி, வெங்காயம், பூண்டு எல்லாம் தாமச உணவாம் பாப்பா. அதுதான் நம்ம உடம்புல அழுக்காத் தேங்கி நிக்குதாம். இத்தனை வருசமா நான் பிள்ளைங்களுக்கு அழுக்கையா அவிச்சுப் போட்டேன்?”

அந்தக் கேள்விக்கு முகாமில் யாரும் பதில் சொல்லவில்லை. நாமாவது சொல்ல முயல்வோம்.

முதலில் உடலைப் பார்ப்போம். ‘நச்சு’, ‘டாக்ஸின்’, ‘கழிவு’ என்ற சொற்களை இந்த வியாபாரம் ஓயாமல் உச்சரிக்கிறது. எந்த நச்சு என்று கேட்டால் பெயர் வராது. 2009-இல் பிரிட்டனில் இளம் அறிவியலாளர்கள் சிலர் ‘டீடாக்ஸ்’ என்று முத்திரை குத்தி விற்கப்பட்ட 15 பொருள்களை எடுத்துக்கொண்டு, அந்தந்த நிறுவனங்களிடமே இதை விசாரித்தார்கள். டீடாக்ஸ் என்றால் என்ன என்பதற்கு எந்த இரண்டு நிறுவனமும் ஒரே விளக்கத்தைச் சொல்லவில்லை. பெயரில்லாத நஞ்சை எந்தப் பரிசோதனையாலும் அளக்க முடியாது. அளக்க முடியாத ஒன்று வெளியேறிவிட்டதா இல்லையா என்று யாரும் நிரூபிக்கவும் முடியாது. இந்தத் தொழிலின் பாதுகாப்பு அரணே அதுதான்.

நஞ்சை வெளியேற்றும் வேலையை உடல் நாம் கேட்காமலே செய்கிறது. புரதம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் தொண்ணூற்றொன்பது பங்கை உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை இரண்டு லிட்டரைச் சிறுநீராக அனுப்புகின்றன. இந்த உறுப்புகள் பழுதானால் மஞ்சள் காமாலையோ, கால் வீக்கமோ, மயக்கமோ வரும். அப்போது வேண்டியது மருத்துவம். சில வேளை டயாலிசிஸ். பழுதாகாத உறுப்புக்கு வாழைத்தண்டு செய்யக்கூடிய கூடுதல் உதவி ஒன்றுமில்லை. பழுதான உறுப்புக்கோ அதே சாறு ஆபத்தாகலாம். பொட்டாசியம் நிறைந்த சாறுகளும் இளநீரும் சிறுநீரக நோயாளியின் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடியவை.

“காய்கறிச் சாறுதானே, என்ன கெடுதல் வந்துவிடும்?” என்று கேட்கிறவர்கள் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேரளத்தில் இரும்பன்புளி என்று சொல்லப்படும் பிலிம்பிக் காயின் சாற்றைக் கொழுப்பைக் குறைப்பதற்காகக் குடித்த பத்துப் பேருக்குத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு வந்ததை 2013-இல் அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காயிலுள்ள ஆக்ஸலேட் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்ததுதான் காரணம். பசலைக்கீரையைக் கத்தை கத்தையாக அரைத்துக் குடிக்கிறவர்களிடமும் இதே சிக்கல் உலகின் பல பகுதிகளில் பதிவாகியிருக்கிறது. அடுத்தது சுரைக்காய்ச் சாறு. கசக்கும் சுரைக்காயில் குக்கர்பிடசின் என்ற நஞ்சு உண்டு. கசப்பைப் பொருட்படுத்தாமல் மருந்தென்று நினைத்துக் குடித்து இரத்த வாந்தி எடுத்தவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கென்றே ஒரு நிபுணர் குழுவை அமைத்து, கசந்தால் குடிக்காதீர்கள் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. நம் பாட்டிகள் சுரைக்காயை நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். மிக்ஸியில் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கும் பழக்கம் அந்த அறிவைத் தூக்கி எறிந்துவிட்டது.

முகாம்களில் காட்டும் ‘ஆதாரங்கள்’ பற்றியும் சொல்ல வேண்டும். கல்லீரல் சுத்திகரிப்பு என்ற பெயரில் ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் பேதி உப்பையும் கொடுக்கிறார்கள். மறுநாள் மலத்தில் பச்சைப் பச்சையாகக் கற்கள் வருகின்றன. பித்தப்பைக் கல் வெளியேறிவிட்டது என்று படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். நியூசிலாந்தில் அப்படி ஒரு பெண் கொண்டுவந்த கற்களை மருத்துவர்கள் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2005-இல் ‘லான்செட்’ இதழில் அது வெளியானது. கற்களில் கொலஸ்ட்ரால் இல்லை, பித்த நிறமி இல்லை. முக்கால் பங்கு கொழுப்பு அமிலம். குடித்த எண்ணெய்தான் வயிற்றுக்குள் சோப்பாகக் கட்டியாகி வெளியே வந்திருக்கிறது. ‘நோயே’ மருந்தால் உருவானதுதான். குடல் சுத்திகரிப்புப் பொடிகளைச் சாப்பிட்டதும் கயிறு கயிறாக வரும் ‘பல வருடக் கழிவு’ம் இதே வகைதான்: பொடியிலுள்ள இசப்கோல் தண்ணீரில் ஊறிக் கூழாகிக் குடலின் வடிவத்தில் வெளியேறுகிறது.

குடலில் அழுக்கு தேங்கி உடல் முழுக்க நஞ்சாகிறது என்ற கொள்கை ஒருகாலத்தில் ஐரோப்பிய மருத்துவர்களையும் ஆட்டிப் படைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் அர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், மலச்சிக்கல் என்று வந்தவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். பிறகு சோதனைகள் அந்தக் கொள்கையைக் காலி செய்தன, மருத்துவம் அதைக் கைவிட்டது. ‘நம் மரபு’ என்று இன்று விற்கப்படும் சரக்கில் பெரும்பகுதி அந்தக் கைவிடப்பட்ட ஐரோப்பியச் சரக்குதான். உடலில் தேங்கும் அந்நியப் பொருளே எல்லா நோய்க்கும் காரணம் என்று எழுதிய லூயி குனே, ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்காரர். அவர் நூல் 1894-இல் தெலுங்கில் மொழிபெயர்க்கப்பட்டது. காந்தி அவரையும் அடால்ஃப் யூஸ்டையும் படித்துத்தான் இயற்கை மருத்துவத்துக்கு வந்தார், 1946-இல் உருளிக் காஞ்சனில் மருத்துவமனை தொடங்கினார். வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் முன்பு உண்டது செரித்த பிறகு அளவறிந்து உண்ணச் சொல்கிறார். மூன்று நாள் சாறு குடிக்கச் சொல்லவில்லை.

இனி பட்டினிக்கு வருவோம். இங்கே நான் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன். ஏனென்றால் எங்கள் ஆய்வு மாணவர் விடுதியிலேயே பாதிப் பேர் பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடும் முறையில் இருக்கிறார்கள். அவர்களில் கடவுள் மறுப்பாளர்களும் உண்டு. “இது விரதம் இல்ல தோழர், அறிவியல். நோபல் பரிசே கொடுத்திருக்காங்க” என்பார்கள். 2016-இல் யோஷினோரி ஓசுமிக்கு நோபல் பரிசு கிடைத்தது உண்மை. ஆனால் அவர் ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களில், செல் தன் பழைய உறுப்புகளைத் தானே பிரித்து மறுபடி பயன்படுத்தும் செயல்பாட்டையும் அதற்கான மரபணுக்களையும். மனிதர்கள் காலைச் சாப்பாட்டை விட்டால் புற்றுநோய் வராது என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

மனிதர்களிடம் நடந்த சோதனைகள் என்ன சொல்கின்றன? அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. பதினாறு மணி நேரப் பட்டினி இருந்தவர்கள் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை இழந்தார்கள். மூன்று வேளையும் சாப்பிட்டவர்களுடன் ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சீனாவின் குவாங்சோவில் உடல் பருமன் கொண்ட 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2022-இல் வந்தது. இரு பிரிவினருக்கும் ஒரே அளவு குறைந்த கலோரி. ஒரு பிரிவு மட்டும் காலை எட்டு முதல் மாலை நான்கு மணிக்குள் சாப்பிட வேண்டும். முடிவில் அவர்கள் இழந்தது சுமார் 8 கிலோ, மற்றவர்கள் 6.3 கிலோ. இந்த வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதல்ல. குறைவாகச் சாப்பிட்டால் எடை குறைகிறது. கடிகாரம் தனியாக மந்திரம் எதுவும் செய்யவில்லை. நேரக் கட்டுப்பாடு ஒருவருக்கு எளிதாக இருக்கிறதென்றால், உடலில் வேறு நோயில்லை என்றால், தாராளமாகக் கடைப்பிடிக்கட்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், வளரும் பிள்ளைகள், ஏற்கெனவே உணவைக் கண்டு அஞ்சும் மனநிலையில் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது விளையாட்டல்ல. ரம்ஜான் நோன்பில்கூட நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு. யூடியூப் குருமார்களிடம் அந்த விலக்கும் கிடையாது.

2025-இல் மட்டும் கேரளத்தில் 18 வயதுப் பெண் ஒருவரும், குமரி மாவட்டத்தில் 17 வயது இளைஞர் ஒருவரும் இணையத்தில் பார்த்த உணவுக் கட்டுப்பாட்டைப் பின்பற்றி இறந்ததாகச் செய்திகள் வந்தன. இரண்டுமே மாதக்கணக்கில் நீண்டவை. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று சாப்பிட்டாலும் உயிர் போகலாம். இரத்தத்தில் பாஸ்பேட் சரசரவென்று இறங்கி இதயம் நின்றுவிடும். இரண்டாம் உலகப்போரின் முடிவில் வதைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர் உணவு கிடைத்த பிறகு இறந்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,600 கலோரி. உடல் எடையில் கால் பங்கு போனது. கூடவே மனச்சோர்வு, எரிச்சல், இரவு பகலாக உணவைப் பற்றியே கனவு. ஒருவர் தன் விரல்களையே வெட்டிக்கொண்டார். ‘மனம் லேசாகும், சிந்தனை தெளியும்’ என்று விற்கப்படும் சாறுத் திட்டங்கள் பலவும் தருவது அந்த 1,600 கலோரியைவிடக் குறைவு.

இப்போது ‘நல்ல அறிகுறி’ என்ற அந்தச் சொல்லுக்குத் திரும்ப வேண்டும். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. சாறு குடித்து நன்றாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது. தலை சுற்றினால் கழிவு வெளியேறுகிறது. மயங்கி விழுந்தால் நிறையக் கழிவு இருந்திருக்கிறது. செத்தே போனால்? நீ முழு நம்பிக்கையோடு செய்யவில்லை. எந்த முடிவு வந்தாலும் குரு தோற்கமாட்டார். குற்றம் உடலுடையது, உடலுக்குள் இருக்கும் அழுக்குடையது. இந்த வாதத்தை நாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். நீ துன்பப்படுகிறாயா, போன பிறவியில் பாவம் செய்திருக்கிறாய். துன்பமே பாவத்துக்குச் சாட்சி, பொறுத்துக்கொண்டால் அடுத்த பிறவியில் சுத்தமாவாய். கர்ம வினைக் கோட்பாட்டை மூன்று நாள் பொட்டலமாகச் சுருக்கினால் கழிவு நீக்க முகாம்.

தீட்டும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாது, அளக்க முடியாது, யாரிடம் இருக்கிறது என்பதைச் சொல்லும் அதிகாரம் மட்டும் ஒருவரிடம் இருக்கும், அதைப் போக்கும் சடங்குக்குக் கட்டணமும் அவரே வாங்குவார். கடல் கடந்து போனவர்களுக்குச் சாதி போய்விட்டதென்று பஞ்சகவ்யம் குடிக்கவைத்துச் சேர்த்துக்கொண்டார்களே, இந்த நாட்டின் முதல் டீடாக்ஸ் பானம் அதுதான்.

அத்தையிடம் சொல்லப்பட்ட சாத்வீக, ராஜச, தாமசப் பிரிவினை கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் வருகிறது. ஆறிப்போனதும் கெட்டுப்போனதும் எச்சிலும் தாமச குணம் கொண்டவர்களுக்குப் பிடித்த உணவு என்கிறது அது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயமோ, வேலை செய்யும் சூத்திரனுக்கு எச்சில் உணவைக் கொடுக்க வேண்டும் என்கிறது. சண்டாளன் உடைந்த பாத்திரத்தில் உண்ண வேண்டும் என்கிறது. எச்சிலைத் தின்னக் கொடுத்துவிட்டு, எச்சில் தின்பதால் நீ தாழ்ந்த குணத்தவன் என்று சொல்லும் ஏற்பாடு இது. மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை அண்ணல் அம்பேத்கர் 1948-இல் தனி நூலாகவே எழுதினார். அதே தராசுதான் இன்று ‘உயிர்ச்சக்தி உள்ள உணவு’, ‘இறந்த உணவு’ என்ற புதிய சொற்களோடு வந்து நிற்கிறது. வாடகை வீட்டு அறிவிப்பில் ‘சைவம் மட்டும்’ என்று எழுதுகிறவருக்கு இந்தச் சொற்கள் எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

இது சொல்லோடு நிற்பதில்லை. 2015-இல் மத்தியப் பிரதேச முதலமைச்சர் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கும் திட்டத்தை நிராகரித்தார். 2021 இறுதியில் கர்நாடகப் பள்ளிகளில் முட்டை கொடுக்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் எதிர்த்துக் கிளம்பினார்கள். வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் சமைக்கும் அட்சய பாத்திரா போன்ற அமைப்புகளிடம் பல மாநிலங்களில் மதிய உணவு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சாப்பிடும் பிள்ளைகள் யார், அந்த ‘சுத்தத்தை’ முடிவு செய்கிறவர்கள் யார்? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். இவர்களைப் பார்த்து உங்கள் உடலில் தேவையில்லாதது அதிகம் சேர்ந்துவிட்டது என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

நஞ்சே இல்லை என்று நான் சொல்லவில்லை. நஞ்சு இருக்கிறது, அதற்குப் பெயரும் இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம்; அளவு கூடினால் மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்து, நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போது உயிரை எடுக்கும். மனிதர்களை அதில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உயர்த்தியது. இறக்குவது நிற்கவில்லை. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஆலை ஒன்று லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவை விட்டுப்போனது. கொடைக்கானலில் வெப்பமானி ஆலையில் பாதரசத்தோடு வேலை செய்த 591 முன்னாள் தொழிலாளர்கள், ஆலை 2001-இல் மூடப்பட்ட பிறகு 15 ஆண்டுகள் போராடித்தான் 2016-இல் ஓர் உடன்பாட்டைப் பெற்றார்கள். பருத்திக்கும் நெல்லுக்கும் முகக்கவசம்கூட இல்லாமல் பூச்சிமருந்து அடிக்கும் விவசாயக் கூலிகளின் உடலில் சேர்வது ஆர்கனோபாஸ்பேட்.

இவற்றுக்கு உண்மையான நச்சுநீக்க மருத்துவம் உண்டு. பூச்சிமருந்துக்கு அட்ரோபின். ஈயத்துக்கும் பாதரசத்துக்கும் உலோகத்தைப் பற்றி இழுக்கும் மருந்துகள். எந்த நஞ்சு, இரத்தத்தில் எவ்வளவு, மருந்துக்குப் பிறகு எவ்வளவு குறைந்தது என்று எண்ணில் சொல்லலாம். அரசு மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கு மருத்துவர் அட்ரோபின் ஏற்றிக்கொண்டிருப்பார். அதை யாரும் ரீல்ஸ் எடுத்துப் போடுவதில்லை.

உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னை இராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டின் உப்பளங்களில் செய்த ஆய்வில், மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதும், அவர்களில் சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதும் தெரியவந்தது. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். நகரத்தில் ஒருவர் சிறுநீரகத்தைச் ‘சுத்தம் செய்ய’ நாளுக்கு ஐந்து லிட்டர் குடிக்கிறார், தூத்துக்குடி வெயிலில் ஒருவர் ஒதுங்க இடமில்லாமல் தாகத்தை அடக்குகிறார். அவருடைய சிறுநீரகத்தைக் காப்பாற்ற நிழலும் குடிநீரும் ஒரு கழிப்பறையும் போதும்.

அரசு செய்ய வேண்டியது புதிதாக எதுவும் இல்லை. மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் விளம்பரச் சட்டம் 1954-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோயும் உண்டு, உடல் பருமனும் உண்டு. இவற்றைக் குணமாக்குவதாக மருந்துக்கும் சிகிச்சைக்கும் விளம்பரம் செய்வதே குற்றம். திருமண மண்டப வாசலில் ஃபிளெக்ஸ் வைத்து ‘சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு’ என்கிறவர்கள் மீது மாவட்ட நிர்வாகம் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தினால் பாதி முகாம்கள் நடக்காது. மாத்திரையை நிறுத்தச் சொல்லி மேடையில் பேசியவர் மீது வழக்குப் போட வேண்டும். நம் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வீட்டுப் பெரியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும் சாறு வைத்தியத்தைக் கிண்டலடித்துவிட்டு நகராதீர்கள். அவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். அதைச் சாப்பிட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். அத்தைக்கு நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். முகாமுக்குப் போகிறேன் என்று போனில் சொன்னபோது, ஆய்வேட்டின் மூன்றாம் இயல் நெருக்கடியில், “சரி அத்தை, போய்ட்டு வாங்க” என்று வைத்துவிட்டேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் அவரைப் பார்க்கப் போனேன். சமையல் கூடத்தில் பெரிய அலுமினிய அண்டாவில் நூற்றுப் பத்து முட்டை வெந்துகொண்டிருந்தது. வெங்காயமும் மிளகாயும் வதங்கும் வாசனை வாசல்வரை வந்தது. அத்தை மோடாவில் உட்கார்ந்து, வெந்த முட்டைகளைத் தண்ணீரில் போட்டு ஓடு உரித்துக்கொண்டிருந்தார். ஒன்றை உப்பும் மிளகும் தூவி என் கையில் வைத்துவிட்டு, இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டார்.

“டாக்டரம்மா தெனம் ஒண்ணு சாப்பிடச் சொல்லியிருக்காங்க பாப்பா” என்றார்.